மருத்துவக் கஞ்சாவை அரசு எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவொன்றில் தன்னார்வலராக இருக்கும் எனக்கு, கஞ்சா எண்ணெய் பற்றிய கேள்விகள் அடிக்கடி வருகின்றன. புற்றுநோயாளிகளின் குடும்பத்தினரும், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரும், சில மருத்துவ மாணவர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானோர் வாசலுக்கு வெளியே அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில்தான் கேட்டார்கள். நோய்க்கு மருந்து தேடுபவர் குற்றம் செய்பவரைப்போலப் பேச வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இதை எழுத அதுவே காரணம். பதில்கள் இந்தியச் சட்டத்தை மையமாகக் கொண்டவை. போதைக்காகக் கஞ்சாவைப் பயன்படுத்துவதை அனுமதிக்கலாமா என்பது வேறு கேள்வி என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவில் மருத்துவக் கஞ்சா முற்றிலும் தடை செய்யப்பட்டதா?

இல்லை. என்.டி.பி.எஸ். சட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், தனது 8-ஆம் பிரிவில் கஞ்சா உள்ளிட்ட பொருள்களைத் தடை செய்யும்போதே, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காக, சட்டமும் விதிகளும் வகுக்கும் முறைப்படி பயன்படுத்துவதை அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவிலுள்ள வரையறைகளில் ‘மருத்துவக் கஞ்சா’ என்ற சொல்லே இருப்பது. கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் எந்தச் சாறும் டிங்சரும் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் கரைசல்) அதில் அடங்கும் என்று கூறும் சட்டம், அதைத் ‘தயாரிக்கப்பட்ட மருந்துப்பொருள்கள்’ என்ற வகுப்பில், அபினிலிருந்து பெறப்படும் மருந்துகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

ஆகவே சட்டத்தில் இடம் இருக்கிறது. இல்லாதது, அந்த இடத்தை நிரப்ப வேண்டிய ஏற்பாடு. யார் பயிரிடலாம், எந்தத் தரத்தில் சாறு எடுக்க வேண்டும், எந்த மருத்துவர் எழுதலாம், எந்த மருந்தகம் வைத்திருக்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை தரும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

அப்படியானால் ஆயுர்வேதத்தில் கஞ்சாவைக் குறிக்கும் ‘விஜயா’ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் எண்ணெய்கள் எப்படிச் சட்டப்படி விற்கப்படுகின்றன?

சட்டத்தின் வரையறையில் உள்ள ஓர் இடைவெளியின் வழியாக. பூங்கொத்தும் காய்க்கும் நுனியும் ‘கஞ்சா’, பிசின் ‘சரஸ்’, ஆனால் நுனிகளோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் ‘பாங்கு’ என்ற பானத்தை அருந்தும் வழக்கம் இந்த நாட்டில் பழமையானது என்பதால், 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்திலேயே இலைக்கு இவ்விலக்கு கிடைத்தது. இலை இப்போது மாநிலக் கலால் சட்டங்களின் ஆளுகையில் இருக்கிறது. அந்த இலையின் சாற்றை ஆயுர்வேத மருந்தாக உரிமம் பெற்று விற்கிறார்கள். மருந்து விதிகளின் ‘இ1’ அட்டவணையில், நஞ்சுத்தன்மை கொண்ட பொருள்களின் பட்டியலில் கஞ்சாச் செடி இருப்பதால், ‘மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கை அந்தக் குப்பியின் மீது இருக்க வேண்டும்.

இதில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. சட்டம் செடியின் எந்தப் பாகம் என்று பார்க்கிறது. நோயாளியின் உடலோ உள்ளே வந்த வேதிப்பொருள் எது, எவ்வளவு என்பதை மட்டுமே அறியும். மனநிலையை மாற்றும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், அதாவது டி.எச்.சி., இலையில் குறைவாகவே இருந்தாலும், சாற்றை அடர்த்தியாக்கினால் அளவு ஏறிவிடும். வலிப்பு நோயில் பயன்படும் கன்னாபிடியால், அதாவது சி.பி.டி., எவ்வளவு இருக்கிறது என்பதும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடும். அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், குப்பியில் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் 26 தயாரிப்புகளில்தான் ஒத்துப்போயின; 18-இல் டி.எச்.சி.யும் காணப்பட்டது. அங்கேயே அந்த நிலை என்றால், இங்கே குப்பியின் மீதுள்ள எண்ணை மட்டும் நம்பி ஒரு குழந்தைக்கு எத்தனை சொட்டு கொடுப்பது?

எந்த நோய்களுக்கு இது உண்மையில் பயன்படுகிறது?

ஒழுங்குமுறை எவ்வளவு விரிந்ததாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கேள்வியின் விடைதான் தீர்மானிக்க வேண்டும். வலுவான சான்று சில நோய்களுக்கே உண்டு. டிராவே நோய்க்குறி, லெனாக்ஸ்-கஸ்டோ நோய்க்குறி ஆகிய கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய்களில் தூய்மைப்படுத்தப்பட்ட சி.பி.டி. பயன் தருகிறது. 120 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான டிராவே ஆய்வில், மருந்து பெற்றவர்களிடம் மாதாந்திர வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 12.4-இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்துப்பொருள் இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆனதோடு நின்றது. அடுத்த ஆண்டே எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

தண்டுவட மரப்பு நோயில் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) ஏற்படும் தசை இறுக்கத்துக்கு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறக்குறைய சம அளவில் கலந்த வாய்த்தெளிப்பான் சேட்டிவெக்ஸ் பல நாடுகளில் ஒப்புதல் பெற்றிருக்கிறது. கீமோதெரபியால் வரும் குமட்டலுக்கு, ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட டிரோனாபினால், நாபிலோன் ஆகியவை அமெரிக்காவில் 1985 முதலே ஒப்புதல் பெற்றவை.

நாள்பட்ட வலியைப் பொறுத்தவரை அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குப் பயன் உண்டு என்று கூறியது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமோ, போதிய சான்று இல்லாததால் பரிந்துரைக்க இயலாது என்று 2021-இல் அறிவித்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2019-ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் நாள்பட்ட வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே கூறியிருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டுவிட வேண்டாம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்; மனிதர்களின் புற்றுநோயைக் கஞ்சா குணமாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை.

ஒழுங்குமுறையைப் பற்றிய பேச்சில் மார்ஃபினை ஏன் இழுக்கிறீர்கள்?

இந்தச் சட்டம் ஒரு மருந்தை என்ன செய்யக்கூடும் என்பதை நாம் ஏற்கெனவே மார்ஃபினில் பார்த்துவிட்டோம் என்பதால். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மார்ஃபினைத் தடை செய்யவில்லை. மருத்துவப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டே இருந்தது. ஆனால் கடுமையான தண்டனைகள் ஒருபுறமும், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட விதிகள் மறுபுறமும் நின்றன. மருத்துவமனை ஒன்று மார்ஃபின் வாங்க வேண்டுமானால் நான்கைந்து உரிமங்கள் வேண்டும். அவை எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்கவும் வேண்டும். மருந்தகங்கள் வைத்திருப்பதை நிறுத்தின. மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினர். புதிய தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதக் கற்றுக்கொள்ளவே இல்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மருந்துக்கான அபினை உலகுக்கே விளைவித்துக் கொடுத்த நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்து இறந்தார்கள்.

இதை மாற்ற, கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்பு மருத்துவமனை தொடங்கிய காலத்திலிருந்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் ஓயாமல் உழைத்தார்கள். 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்ற புதிய வகுப்பு உருவாகி, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் அறிவிக்கப்பட்டன. அவற்றைப் பற்றி நாடு முழுவதற்கும் ஒரே விதி. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒரே ஒப்புதலோடு அவற்றை வாங்கி வைத்துக் கொடுக்கலாம்.

கஞ்சாவின் இன்றைய நிலை, 2014-க்கு முந்தைய மார்ஃபினின் நிலையைவிட மோசமானது. செடியைப் பயிரிடுவதற்கான விதிகளை 10-ஆம் பிரிவின்படி மாநிலம் வகுக்க வேண்டும். சாறு எடுத்துத் தயாரிப்பதற்கான விதிகளை 9-ஆம் பிரிவின்படி மத்திய அரசு வகுக்க வேண்டும். தயாரித்த சாற்றை வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் விற்கவும் மறுபடியும் மாநில விதிகள் வேண்டும். ஒரு குப்பி மருந்து நோயாளியின் கைக்கு வருவதற்குள் இரண்டு முறை அதிகாரம் கைமாறுகிறது.

அப்படியானால் புதிய சட்டம் தேவையா?

பெரும்பகுதிக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து; இந்தப் பக்கத்தில் நான் வலியுறுத்த விரும்புவதும் இதுதான். மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்காக மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் எந்தப் போதை மருந்தும் ‘அத்தியாவசியப் போதை மருந்து’ ஆகும் என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. தயாரிக்கப்பட்ட மருந்துப்பொருள்கள் எல்லாமே சட்டத்தின் பார்வையில் போதை மருந்துகள்தாம். மருத்துவக் கஞ்சாவோ பெயர் சொல்லியே அந்த வகுப்பில் இருக்கிறது. ஆகவே, தரம் வரையறுக்கப்பட்ட கஞ்சாத் தயாரிப்புகளை அந்தப் பட்டியலில் சேர்க்க ஓர் அரசிதழ் அறிவிக்கையும், அதற்கேற்ற விதித் திருத்தமும் போதும். மார்ஃபினுக்காக அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள், பூட்டிய அலமாரியும் பதிவேடும் பயிற்சி பெற்ற பொறுப்பாளரும் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. புதிய மருந்து அதே அலமாரியில் அமரட்டும்.

எல்லாத் தயாரிப்புகளையும் ஒரேயடியாகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன வலிப்பு நோய்கள், தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கம், கீமோதெரபிக் குமட்டல் ஆகியவற்றுக்கான தயாரிப்புகளோடு தொடங்கி, ஆய்வுச் சான்று கூடக்கூடப் பட்டியலை விரிக்கலாம்.

சாகுபடியை யாரிடம் ஒப்படைப்பது? கஞ்சாத் தோட்டங்கள் பெருகிவிடாதா?

அபின் சாகுபடியை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் போதைப்பொருள் பணியகம் விவசாயிகளுக்கு உரிமம் தருகிறது; நிலத்தை அளக்கிறது; விளைந்த அபினை எடைபோட்டு வாங்குகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. போதைப் பயிர் ஒன்றை உரிமத்தின் கீழ் வளர்ப்பதில் இந்தியாவுக்கு இருக்கும் நீண்ட அனுபவம் மிகச் சில நாடுகளுக்கே உண்டு.

கஞ்சாவைப் பொறுத்தவரை, இன்றைய தேவையின் அளவுக்குப் பெரும் பரப்பு வேண்டியதே இல்லை. கண்காணிக்கப்பட்ட பசுமைக்குடில்களில் சில ஏக்கர்களே தொடக்கத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். ஒரே இரகச் செடி, ஒரே ஒளி, ஒரே ஊட்டம் என்று வளர்த்தால்தான் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவு வேதிப்பொருள் கிடைக்கும். கஞ்சாச் செடி மண்ணிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே எந்த மண் என்பதும் மருந்துத் தரத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால் ஒரே ஒரு விளைவிப்பாளரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதும் தவறு. அமெரிக்காவில் 1968 முதல் 2021 வரை, ஆய்வுக்கான கஞ்சா மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திலிருந்து மட்டுமே கிடைத்தது. அந்நாட்டு ஆராய்ச்சி அதனால் எவ்வளவு பின்தங்கியது என்று அங்குள்ள அறிவியலாளர்களே பல ஆண்டுகள் முறையிட்டார்கள். ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் ஏற்கெனவே ஆய்வுச் சாகுபடி நடத்திவருகிறது. உத்தராகண்டும் இமாசலப் பிரதேசமும் தொழில்துறைக்கான சாகுபடியில் அடியெடுத்து வைத்திருக்கின்றன. 14-ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் அனுமதிக்கும் சாகுபடி வேறு, மருந்துக்கான சாகுபடி வேறு என்பதை மட்டும் விதிகள் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

காவல்துறை பறிமுதல் செய்யும் கஞ்சாவை மருந்தாக்கினால் என்ன?

கூடாது. எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பூச்சிக்கொல்லி அடிக்கப்பட்டது, எங்கே ஈரத்தில் கிடந்தது என்று தெரியாத பொருள் அது. அதில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, கீமோதெரபியால் எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளியின் நுரையீரலில் உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கும்.

எந்த வடிவில் கொடுக்க அனுமதிக்க வேண்டும்?

அளவிடக்கூடிய வடிவங்களில் மட்டும்: வாய்வழிக் கரைசல், மாத்திரை, வாய்த்தெளிப்பான். புகைப்பதை மருந்தாக ஏற்கக் கூடாது. எரிந்த புகையில் மருந்தின் அளவைக் கணக்கிட முடியாது, நுரையீரலுக்குக் கேடு நிச்சயம். பூவையே மருந்தகத்தில் கொடுக்கும் நெதர்லாந்து, 2003 முதல், அரசின் மருத்துவக் கஞ்சா அலுவலகம் ஒன்றின் வழியாகத் தரப்படுத்தப்பட்ட இரகங்களை மட்டுமே, கிருமி நீக்கத்துக்குக் கதிர்வீச்சு செலுத்தி, மருந்துச் சீட்டுக்கு வழங்குகிறது. அந்த ஏற்பாடு நேர்மையானது. ஆனால் கள்ளச்சந்தைப் பூவும் மருந்தகப் பூவும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் நிலையில், நம் ஊரில் நோயாளியும் காவலரும் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் போகும்.

யார் எழுதலாம்? எல்லா மருத்துவர்களுமா?

இந்த இடத்தில்தான் பல நாடுகள் ஒரு பக்கமோ மறு பக்கமோ சறுக்கியிருக்கின்றன.

பிரிட்டன் 2018 நவம்பர் 1 முதல் இதை அனுமதித்தபோது, சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டுமே எழுதலாம் என்றது. அரசு மருத்துவச் சேவையில் ஒப்புதல் பெறாத தயாரிப்புகளை எழுத முன்வந்தவர்கள் மிகச் சிலர். விளைவாக, பணம் உள்ளவர்கள் தனியார் மருத்துவமனைகளுக்குப் போனார்கள், இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். தாய்லாந்து எதிர்த் திசையில் போனது. 2019-இல் மருத்துவத்துக்கு மட்டும் என்று தொடங்கி, 2022 ஜூன் 9 அன்று செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கியது. தொடர்ந்து வர வேண்டிய விரிவான சட்டம் வரவில்லை. தெருவெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. கடைசியில் 2025 ஜூனில், பூவுக்கு மருந்துச் சீட்டு கட்டாயம் என்று அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. ஜெர்மனியிலும், 2024 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்திலிருந்து நீக்கிய பின், இணையப் படிவம் ஒன்றை நிரப்பியே சீட்டு வாங்கும் வழக்கம் பெருகி, அந்த ஆண்டில் இறக்குமதி முந்தைய ஆண்டைவிட இருமடங்குக்கும் மேலானது.

நமக்கு ஏற்றது இடைப்பட்ட வழி என்று கருதுகிறேன். முதல் சீட்டை நரம்பியல், புற்றுநோயியல், வலி தணிப்பு, குழந்தை நரம்பியல் துறைகளில் ஒரு சிறப்பு மருத்துவர், நோயாளியை நேரில் பார்த்து எழுத வேண்டும். அதன் பிறகு அவருடைய கடிதத்தின் அடிப்படையில் மாவட்ட மருத்துவமனை மருத்துவரோ, பயிற்சி பெற்ற பொது மருத்துவரோ தொடரலாம். தூத்துக்குடியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ ஒரு தாய் மாதாமாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வர வேண்டியிருந்தால், அந்த மருந்து அவளுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். எழுதும் மருத்துவருக்கும், தயாரிக்கும் நிறுவனத்துக்கும், விற்கும் மருந்தகத்துக்கும் இடையே பங்கு, சம்பளம், தரகு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதியிலேயே இருக்க வேண்டும். ஒரே நிறுவனம் ஆலோசனையும் தந்து, தன் மருந்தையே எழுதி, தானே அனுப்பியும் வைக்கும் முறை ஆஸ்திரேலியாவில் என்ன சிக்கல்களைத் தந்திருக்கிறது என்பதை அந்நாட்டு மருத்துவ ஒழுங்காற்று அமைப்பே வெளிப்படையாகப் பேசியிருக்கிறது.

சித்த, ஆயுர்வேத மருத்துவர்களின் இடம் என்ன?

சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் சித்த மருத்துவம் இச்செடியை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அந்த அறிவைத் தள்ளிவைப்பது என் நோக்கமல்ல. இச்செடியை மேலைநாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்திய வில்லியம் ஓஷானசியே கல்கத்தாவில் உள்ளூர் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான், 1839-இல் வலிப்பு கண்ட ஒரு கைக்குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தையும் சேர்த்து எழுதினார்.

ஆனால் மரபு மருந்து என்ற காரணத்துக்காகத் தரச் சோதனையில் விலக்கு கூடாது. நூல்களில் சொல்லியபடி சுத்தி செய்து, பிற மூலிகைகளோடு சேர்த்துச் செய்யப்படும் சூரணமும் இலேகியமும் ஒன்று; சாற்றை இயந்திரத்தில் அடர்த்தியாக்கிச் சொட்டு மருந்துக் குப்பியில் அடைப்பது வேறொன்று. முன்னதை மரபு மருந்தாகவும், பின்னதை எந்த முறையின் பெயரில் விற்றாலும் நவீன மருந்தாகவும் கருதி, டி.எச்.சி., சி.பி.டி. அளவுகளை அரசு ஆய்வகச் சான்றோடு அச்சிடச் செய்ய வேண்டும்.

மருந்து வைத்திருக்கும் நோயாளியைக் காவல்துறை பிடித்தால்?

இன்றைய சட்டப்படி, அடர்த்தியாக்கிய கஞ்சா எண்ணெய் ‘சரஸ்’ வரையறைக்குள்ளேயே வரக்கூடும். சரஸில் சிறிய அளவு என்பது 100 கிராம் வரை. அதற்குமே ஓராண்டு வரை கடுங்காவலோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மருந்து என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கலாம்தான். ஆனால் குழந்தைக்கு மருந்து கொண்டுபோகும் தந்தை அதுவரை எங்கே இருப்பார்?

ஆகவே அரசு எழுதும் விதிகளில் நோயாளிப் பாதுகாப்பு முதல் வரியாக இருக்க வேண்டும். முத்திரை உடையாத, தொகுதி எண்ணும் விரைவுக் குறியீடும் (கியூ.ஆர். குறியீடு) கொண்ட குப்பி, நோயாளியின் பெயரிலுள்ள மருந்துச் சீட்டு ஆகிய இரண்டும் இருந்தால், ஒரு மாதத்துக்கான அளவு வரை கைது செய்யக் கூடாது, மருந்தைப் பறிமுதல் செய்யக் கூடாது. குறியீட்டைக் காவலர் அங்கேயே கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்ளட்டும். நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் காவல்துறையிடம் போகக் கூடாது. அது மருத்துவத் துறையின் பூட்டுக்குள் இருக்க வேண்டியது.

குழந்தைகள், கருவுற்ற பெண்கள், வாகனம் ஓட்டுபவர்கள்?

வலிப்பு நோய்க்கான தூய சி.பி.டி. குழந்தைகளுக்குத் தரலாம். எனினும் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேரும்போது கல்லீரல் நொதிகள் உயரக்கூடும், குளோபசாம் என்ற மற்றொரு வலிப்பு மருந்தோடு சேரும்போது தூக்கக் கலக்கம் கூடும் என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தச் சோதனை கட்டாயம். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் டி.எச்.சி. உள்ள மருந்தை எழுதும் முன் மனநல மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். டி.எச்.சி. உட்கொள்பவர்கள் வாகனம் ஓட்டக் கூடாது என்பதைக் குப்பியிலேயே பெரிய எழுத்தில், அந்தந்த மாநில மொழியில் அச்சிட வேண்டும். இன்றைய எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நின்றுவிடுகின்றன.

விளம்பரம் செய்யலாமா?

கூடாது. புற்றுநோய், வலிப்பு முதலிய நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை, மருந்துகளையும் மாய நிவாரணங்களையும் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. சமூக ஊடகத்தில் ‘அனுபவம் பகிர்தல்’ என்ற பெயரில் வருவனவற்றுக்கும் அதையே பொருத்த வேண்டும்.

ஏழைகளுக்கு இது எட்டுமா?

மார்ஃபின் மாத்திரை மலிவானது, இறக்குமதியாகும் சி.பி.டி. மருந்து நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாத விலையில் இருக்கிறது. அதனாலேயே உள்நாட்டுத் தயாரிப்பை வலியுறுத்துகிறேன். விலைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் வரம்பும், அரசு மருத்துவமனைகளுக்கான மொத்தக் கொள்முதலும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களிலிருந்து மொத்தக் கொள்முதலால் மருந்து விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது.

ஐ.நா. ஒப்பந்தங்கள் தடையாக இல்லையா?

இல்லை. 1961-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் மருத்துவப் பயன்பாட்டை அனுமதிக்கிறது. அபினுக்கு உள்ளதைப் போன்ற அரசு முகமை ஒன்று உரிமம் தந்து, அறுவடை முடிந்த நான்கு மாதங்களுக்குள் விளைச்சலைக் கையகப்படுத்த வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்குகளில் நீக்கியபோது, ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் நடந்த அந்த வாக்கெடுப்பில் மருத்துவப் பயனை ஏற்றுக் கை உயர்த்திய நாடு, தன் நோயாளிகளுக்கு அதற்கான விதிகளை இன்னும் எழுதாமலிருப்பது சரியல்ல.

மருந்து என்ற பெயரில் இளைஞர்களிடம் பழக்கம் பரவாதா?

இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். பள்ளிகளுக்கு அருகே கஞ்சா விற்பவர்களைப் பிடிக்கத் தமிழ்நாடு காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ நடத்த வேண்டியிருக்கும் சூழலில், பெற்றோர் அஞ்சுவது இயல்பு. வளரும் மூளைக்கு டி.எச்.சி. தீங்கு செய்யும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பூவும் இல்லாமல், புகையும் இல்லாமல், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்தின் பூட்டிய அலமாரியிலிருந்து எண்ணிக் கொடுக்கப்படும் மருந்து, தெருவில் விற்கும் பொட்டலத்தோடு கலந்துவிடுவதற்கு வழி குறைவு. மார்ஃபினை எளிதாக்கிய கேரளத்தின் வலி தணிப்பு மையங்களில் மருந்து பெருமளவில் வெளியே கசியவில்லை என்பது அங்கே பணியாற்றியவர்களின் அனுபவம். 1893-94-இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையமும், 1,193 சாட்சிகளை விசாரித்த பின், முழுத் தடையை விடுத்து உரிமமும் கட்டுப்பாடுமே ஏற்றவை என்ற முடிவுக்குத்தான் வந்தது. அது போதைப் பயன்பாட்டையும் சேர்த்து ஆராய்ந்த ஆணையம். நாம் கேட்பது அதைவிட மிகக் குறுகிய அனுமதி.

மத்திய அரசு அசையும்வரை தமிழ்நாடு என்ன செய்யலாம்?

சில உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி ஒப்புதல் பெற்று, கட்டுப்படாத வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கான ஆய்வைத் தொடங்கலாம். இணையத்தில் வரும் இலைச்சாறு எண்ணெய்களை மாநில மருந்து ஆய்வகத்தில் சோதித்து, குப்பியில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள அளவும் ஒத்திருக்கிறதா என்று முடிவுகளை வெளியிடலாம். 10-ஆம் பிரிவின் கீழ், மருத்துவ ஆய்வுக்கு மட்டுமான சாகுபடி விதிகளை வகுத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

குழந்தைக்கு இப்போதே மருந்து தேவைப்படும் பெற்றோருக்கு ஒரு தகவல். ஒப்புதல் பெறாத மருந்தைச் சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிய அளவில் இறக்குமதி செய்ய, மருத்துவரின் சீட்டோடு ‘12-ஏ’ படிவத்தில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க விதி இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருளானால், குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையரின் இறக்குமதிச் சான்றும் வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் குழந்தையின் நரம்பியல் மருத்துவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். அவரிடம் இதைத் தாழ்ந்த குரலில் கேட்க வேண்டியதில்லை.